பிரசாந்தனுக்கு ஏற்றிய விளக்கு

தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கீச்சிட்டது. நூலகத்தின் வாசிப்பறையில் அது வருடக்கணக்காக அப்படித்தான். எண்ணெய் விட்டால் இரண்டு நாள் அடங்கியிருந்துவிட்டு மறுபடியும் தொடங்கும். தாட்சாயினிக்கு அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. அன்று மாலை மட்டும் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தை விட்டு அவள் நிமிர்ந்தாள். மேலே ஒரு கீச்சு. அரை நொடி கழித்து, மேசையில் இருந்த மடிக்கணினிக்குள்ளிருந்து அதே கீச்சு.

"தங்கச்சி, ஒரு நிமிசம்," என்றார் திரைக்குள்ளிருந்து கதிர்காமநாதன். ரொறன்ரோவில் காலை எட்டு மணி. கம்பளிச் சட்டையோடு கோப்பிக் கோப்பையைப் பிடித்தபடி இருந்தார். வெளிநாட்டு வாசகர்களைச் சனிக்கிழமைதோறும் இணையத்தில் கூட்டிவைப்பவர் அவர்தான். "உங்கட பக்கம் ரெண்டு போன் ஓடுதோ? நீங்கள் வாசிக்கிறது ரெண்டு தரம் கேக்குது."

"இல்லை அண்ணை. லப்டொப் ஒண்டுதான். போனை நிப்பாட்டிப் பைக்குள்ள வைச்சிருக்கிறன்."

"அப்ப உங்கட அறைக்குள்ள வேற ஆரோ இருந்து கூட்டத்துக்கு வந்திருக்கினம். ஒரே அறையில ரெண்டு திறந்திருந்தாத்தான் உப்பிடி எதிரொலிக்கும்." அவர் சிரித்தார். "அலுமாரிக்குப் பின்னால ஒரு ரசிகர் ஒளிச்சிருக்கிறார் போல. பிடிச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்து அனுப்புங்கோ."

சின்னச் சின்னச் சதுரங்களுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் வரவில்லை, வாய்கள் மட்டும் திறந்து மூடின. தாட்சாயினியும் சிரித்துவைத்தாள். அறையில் அவளைத் தவிர ஒருவருமில்லை. ஐந்தரைக்கே கதவைச் சாத்தி, உதவியாளர் றஸ்மியா ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய்விட்டாள். வெளியே மார்கழி மழை உடையார்கட்டு வயல்களின் மேல் சோம்பலாகப் பெய்துகொண்டிருந்தது, தவளைகள் கத்தின, ஈரம் ஊறிய பழைய பத்திரிகைகளின் புளித்த வாசம் அலுமாரிகளுக்கு இடையிலிருந்து எழுந்து, மேசை விளிம்பு வரை வந்து நின்றது.

அவள் சதுரங்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் பார்த்தாள். கடைசி வரிசையில் ஒன்று முழுக் கறுப்பாக இருந்தது. கமராவை மூடிவைத்திருப்பவர்களுக்குக்கூடப் பெயராவது தெரியும்; அதில் பெயரில்லை. ஒலிவாங்கி திறந்திருந்தது. அவள் அதை அடைத்தாள். எதிரொலி நின்றது. நாலு வரி வாசித்தாள்.

கீச்சு. பிறகு, திரைக்குள்ளிருந்து, கீச்சு.

அவள் வாசிப்பை நிறுத்தவில்லை. இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருநூறு பேர்! போன கிழமை அது இருபத்தைந்து. பதினொரு வருடம் நூலகராக இருந்து, வாசிக்க ஆளில்லாத மத்தியானங்களில் இந்த மேசையிலேயே இருந்து அவள் எழுதிய நாவல் 'பஸ்ஸில் ஏறியவன்'. கைக்காசில் அச்சடித்த பிரதிகள் கட்டுக் கட்டாக அலுமாரிக்கு மேல் கிடந்து கறையான் பிடித்தன. இந்த ஊரில் யாரும் அதைத் தொட்டதில்லை. 'எங்கட கதையை நாங்களே ஏன் பிள்ளை வாசிக்கிறது?' என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். பிறகு எப்படியோ ஒரு பிரதி கடல் தாண்டிப் போனது. அங்கே இருந்தவர்கள் அழுதார்கள்.

அழுதபடியேதான் லண்டன் அருந்ததி முந்தின சனிக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அக்கா, அந்தப் பெடியன் உண்மையா இருந்தவரோ?"

கதை என்று சொல்லியிருக்கலாம். நாவலில் பெயர் வேறு, ஊர் வேறு. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் இருபத்தைந்து முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் உண்மைப் பெயரைச் சொன்னாள். பிரசாந்தன். பத்தொன்பது வயதில், போரின் கடைசி நாட்களில், களப்பு நீருக்கு மேலான பாலம் தாண்டிய இடத்தில் இராணுவத்தின் பஸ்ஸில் ஏறினவன். தாய் பார்த்துக்கொண்டு நின்றாள். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். மேசை லாச்சியில் அவனுடைய படமும் இருந்தது. அவனைத் தேடித் தரக் கேட்கும் மனுவோடு அனுப்பப் பிரதி எடுத்துத் தரும்படி தாய் நாகேஸ்வரி கொடுத்து வைத்தது. தாட்சாயினி அதை எடுத்துக் கமராவுக்குக் காட்டினாள்.

"அந்தத் தம்பிக்கு ஒரு விளக்கு ஏத்துங்கோவன் அக்கா. நாங்களும் ஒரு நிமிசம் கும்பிடுவம்."

திரும்பி வராதவனின் படத்துக்கு விளக்கு வைப்பதில்லை. மாலை போடுவதில்லை, பொட்டு வைப்பதில்லை. அது ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விசயம். நாகேஸ்வரி அந்தப் படத்தைச் சுவரில்கூடக் கொழுவியதில்லை. சுவர், செத்துப்போனவர்களுக்கு உரியது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்ன உத்தியோகத்தரைப் படலைக்கு வெளியே நிற்கவைத்தே அனுப்பினவள். எல்லாம் தாட்சாயினிக்குத் தெரியும். அந்த உத்தியோகத்தர் வரும் காட்சியை நாவலில் ஆறு பக்கம் எழுதியவளே அவள்தான்.

அலுமாரிக்குள் நவராத்திரி விளக்கு இருந்தது. திரி திரிக்கும் நேரம் மட்டும் அவள் யோசித்தாள். பிறகு, முதுகுக்குப் பின்னால் தட்டில் படத்தைச் சாய்த்து, ஒற்றைத் திரி ஏற்றினாள். திரையில் சிவப்பு இதயங்கள் குமிழிகளாக மேலெழுந்தன. அந்தக் காணொளியை ஒருவருக்கு ஒருவர் அனுப்பினார்கள். இருபத்தைந்து இருநூறானது.

இன்றும் விளக்கு பின்னால் எரிந்துகொண்டிருந்தது. கூட்டம் முடிந்து, ஒவ்வொரு சதுரமாக அணைந்து, கதிர்காமநாதனும் கையசைத்துவிட்டுப் போனார். பெயரில்லாத கறுப்புச் சதுரம் மட்டும் போகவில்லை. திரை முழுவதையும் அது நிறைத்துக்கொண்டது. அவள் மூச்சுவிட்டாள். அரை நொடி கழித்து, திரைக்குள் அவள் மூச்சு.

மடிக்கணினியை அறைந்து மூடினாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை றஸ்மியா பத்திரிகைகளைத் தடியில் கோத்துக்கொண்டே நக்கலடித்தாள். "மிஸ் இப்ப உலக எழுத்தாளர். கனடாவில இருந்து ஒரு சொக்லேட் பெட்டியாவது வந்துதா? இல்ல, எல்லாரும் சும்மா ஹார்ட் மட்டுந்தான் அனுப்புறாங்களா?"

"ஹார்ட்டை வைச்சுக் கறி காய்ச்சுவம், வாரும்."

"உப்புப் புளி விட்டாலும் அதில ருசி இருக்காது மிஸ்."

தாட்சாயினி சிரித்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. அப்போது நாகேஸ்வரி குடையைச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அறுபத்தைந்து வயது, மெல்லிய உடம்பு. ஒன்பது மணிக்குப் பத்திரிகை வரும்போது அவளும் வருவாள். செய்தி வாசிப்பதற்கல்ல. நீதிமன்ற வாசல், சிறைச்சாலை வாசல், வைத்தியசாலை வாசல் என்று கூட்டம் நிற்கும் படங்களைத் தேடி, ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். அன்று அவள் பத்திரிகைப் பக்கம் போகவில்லை. நேரே மேசைக்கு வந்து கதிரையை இழுத்து இருந்தாள்.

"பிள்ளை, உன்னட்ட ஒண்டு கேக்க வந்தனான்."

"சொல்லுங்கோ அம்மா."

"அவன் எனக்குக் கனவில வாறவன். உனக்குத் தெரியுந்தானே. வந்தா நேர குசினிக்குள்ளதான் வருவான். பானையைத் திறந்து பாப்பான். ஒரு கதையும் இல்லை, சும்மா நிப்பான், போவான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப பத்து நாளா உள்ளுக்கு வாறானில்லை. படலையடியில நிக்கிறான். தலையெல்லாம் தண்ணி வடியுது. 'வாவன் ராசா' எண்டு கூப்பிட்டன். 'எனக்கு இனி உள்ளுக்கு வர ஏலாதாம் அம்மா' எண்டுறான்."

மின்விசிறி கீச்சிட்டது. தாட்சாயினி மேலே பார்க்கவில்லை.

"ஆர் சொன்னது எண்டு கேட்டன். 'லைப்ரரி அக்காவிட்டக் கேளுங்கோ' எண்டுறான்."

"என்னட்டயோ?"

"உன்னட்டத்தான். நீ ஏதும் செய்தனியோ பிள்ளை?"

வயலுக்கு அப்பால் உழவு இயந்திரம் ஒன்று இருமி இருமிப் போனது. றஸ்மியா தடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தாட்சாயினியின் நாக்கு உண்மையின் விளிம்புவரை போய்த் திரும்பிவந்தது.

"நான் என்னம்மா செய்யிறது? கனவுதானே. குளிருக்குக் கண்ட கண்ட கனவெல்லாம் வரும்."

நாகேஸ்வரி குடையைக் கையில் எடுத்தாள். பிறகு, "படத்தைப் பிரதி எடுத்திட்டால் தா. பைலுக்குள்ள வைக்கவேணும்," என்றாள்.

"இன்னும் எடுக்கேல்லை அம்மா. மெசின் பழுது."

அந்தப் பொய் முதல் பொய்யைவிட இலேசாக வந்தது.

*

அடுத்த சனிக்கிழமை அவள் விளக்கு ஏற்றவில்லை. படத்தைத் துணியில் சுற்றி, முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தினாள். பூட்டுச் சரியாகப் பிடிக்காத கதவு. ஒரு நூல் இடைவெளி எப்போதும் இருக்கும்.

ஆறரைக்குக் கூட்டம் தொடங்கியது. மழை வலுத்திருந்தது. கறுப்புச் சதுரம் இன்று கடைசி வரிசையில் இல்லை, நடுவில் இருந்தது. அவள் அதை வெளியேற்றினாள். மறு நொடி அதே இடத்தில் அது திரும்பி வந்தது.

"அண்ணை, நடுவில பேரில்லாமல் ஒண்டு இருக்கே, அது ஆர்?"

"ஒவ்வொருத்தருக்கும் வரிசை மாறித்தானே தங்கச்சி தெரியும். எனக்கு நடுவில எங்கட சுவிஸ் பொன்னையா அண்ணை நித்திரை கொள்ளுறார்."

சிரிப்பு. தாட்சாயினி அந்தச் சதுரத்தையே பார்த்தாள். அது முழுக் கறுப்பு இல்லை. நடுவில், மேலிருந்து கீழாக, ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு இருந்தது. ஒரு நூல் அகலம்.

கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது. அலுமாரி அங்கேதான் இருந்தது.

"அக்கா, விளக்கு எங்க?" அருந்ததி கேட்டாள். "இண்டைக்குத் தம்பியைக் காணேல்லையே?"

"ஓம் ஓம், விளக்கு! விளக்கு!" என்று எழுத்துகள் வரத் தொடங்கின. கும்பிடும் கைகள், அழும் முகங்கள்.

"வேண்டாம் எண்டு..." அவள் தொடங்கினாள்.

"தங்கச்சி, முதல்ல ஒரு நல்ல செய்தியைக் கேளுங்கோ," என்றார் கதிர்காமநாதன். "நாவலைத் திரும்ப அச்சடிக்க சென்னையில ஒரு பதிப்பகம் ஓமெண்டிட்டுது. இங்கிலிசிலயும் வரும். அடுத்த சனிக்கிழமை அறிவிப்பம். அண்டைக்கு எங்கட ஆக்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, தங்கட தங்கட வீட்டில விளக்கு வைக்கப் போகினம். யோசிச்சுப் பாருங்கோ. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ... இருநூறு விளக்கு!"

பதினொரு வருடம். கறையான் தின்ற கட்டுகள். அவள் வாய் தானாக, "சரி அண்ணை," என்றது.

"அப்ப இண்டைக்கும் ஒருக்காக் காட்டுங்கோ."

எழுந்தாள். சீமெந்துத் தரை ஈரமாக இருந்தது. அலுமாரிக் கதவின் பிடி பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. திறக்குமுன் ஒரு தடவை திரும்பித் திரையைப் பார்த்தாள். திறந்தாள். திரையில், நடுச் சதுரத்தில், வெளிச்சக் கோடு அகன்றது.

துணியை விலக்கினாள். சதுரத்துக்குள்ளும் ஏதோ ஒரு துணி ஒதுங்கியது. மங்கலான மஞ்சள் வெளிச்சம். அதில் ஒரு பெரிய கை. அந்தக் கையின் பின்னால், கீழிருந்து மேலாகப் பார்த்தபடி, ஒரு பெண்ணின் முகம். நெற்றியில் வியர்வை. விரிந்த கண்கள். அது யாருடைய முகம் என்று அவளுக்கு விளங்க ஒரு மூச்சு நேரம் எடுத்தது.

அவள் கையில் பிடித்திருந்த படத்தைப் பார்த்தாள். சின்ன மீசை, இடப்புறப் புருவத்தில் ஒரு தழும்பு, கொலரில் ஒரு பொத்தான் இல்லை. அதே பழைய படம்.

திரையில் அவள் முகம், அவள் கைக்குள்ளிருந்து, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று அவள் படத்தைத் திரும்பப் பின்னால் வைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அதை விடத் துணிவு வரவில்லை. மடிக்கணினியின் பக்கத்திலேயே, தன்னை நோக்கித் திருப்பி வைத்தாள். நடுவில் விளக்கு. மூன்று குச்சி முறிந்தது. "படம் எனக்கு முன்னால இருக்கட்டும்," என்றாள். குரல் உடைந்திருந்தது. அதற்கும் இதயங்கள் வந்தன.

*

வியாழக்கிழமை நாகேஸ்வரி குடையில்லாமல் வந்தாள். மழையில் நடந்து வந்திருந்தாள். அவளுடைய பெறாமகள் ஒருத்தி பிரான்சில் இருந்தாள். அவள் காணொளியை அனுப்பியிருந்தாள். நாகேஸ்வரி அதை மூன்று தடவை பார்த்திருந்தாள்.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாட்சாயினிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பதினாறு வருசம் பிள்ளை. ஒருத்தனையும் அவனுக்கு ஒரு பூ வைக்க நான் விடேல்லை. என்ர சொந்தச் சகோதரம் 'அந்தியேட்டி செய்து விடு' எண்டு சொன்னதுக்கு அவளோட கதைபேச்சில்லை. நீ கனடாக்காரருக்குக் காட்டுறதுக்கு என்ர பிள்ளையைச் சாக்காட்டிப் போட்டாய்."

"அம்மா, அது ஒரு மரியாதைக்கு..."

"மரியாதை! உயிரோட இருக்கிறவனுக்கு ஒற்றைத் திரி மரியாதையோ? உன்ர கொப்பருக்கு ஏத்திப் பாரன்."

றஸ்மியா கிட்ட வந்து, "உம்மா, இருங்கோ, தேத்தண்ணி ஒண்டு..." என்றாள். நாகேஸ்வரி கையால் மறித்தாள்.

"எனக்கு அவன் வரவேணும். வேற ஒண்டும் வேண்டாம். நீ சனிக்கிழமை அந்தச் சனத்துக்கு முன்னால சொல்லு. பிரசாந்தன் சாகேல்லை, உயிரோட இருக்கிறான் எண்டு. எந்த வாயால அவனை அனுப்பினியோ அந்த வாயாலயே கூப்பிடு. நான் வந்து நிண்டு கேப்பன்."

"சொல்லுறன் அம்மா."

"சத்தியமா?"

"சத்தியமாச் சொல்லுறன்."

சொல்லும்போது அவள் அப்படியே நினைத்தாள். ஆனால் வெள்ளி இரவு, வாடகை அறையில் படுத்துக் கிடந்தபோது, சொன்னபிறகு என்ன ஆகும் என்பதையும் நினைத்தாள். நாவலின் கடைசி அத்தியாயத்தில் தாய் முல்லைத்தீவுக் கடலில் இறங்கி மகனுக்குக் கடன் கழிக்கிறாள். எல்லோரும் அழுதது அந்த அத்தியாயத்துக்கு. அவன் உயிரோடு இருக்கிறான் என்றால் அந்தக் கண்ணீர்? பதிப்பகம்? இருநூறு வீட்டு விளக்கு? கடைசியில் சொல்லலாம் என்று முடிவெடுத்தாள். எல்லாம் முடிந்து, அறிவிப்பும் வந்து, ஆட்கள் போகத் தொடங்கும்போது. மெதுவாக. ஒரு வரி.

*

சனிக்கிழமை ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. மின்சாரம் மங்கி மங்கி எரிந்தது. நாகேஸ்வரி வாசலில் நின்றாள். கதிரை போட்டும் இருக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றாள்.

"தொடங்கட்டும் அம்மா. முடிவில சொல்லுறன்."

"நான் நிக்கிறன்."

தாட்சாயினி விளக்கை ஏற்றினாள். அவளுக்கும் படத்துக்கும் நடுவில் சுடர் நின்றது. கூட்டத்தைத் திறந்தாள்.

திரை முழுக்க விளக்குகள். குசினி மேசைகளில், கண்ணாடி யன்னல் ஓரங்களில், குளிர்கால வெளிச்சத்தில், பகல் நேரத்தில் எரியும் விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே மீசை, அதே தழும்பு. இருநூறு பிரசாந்தன்கள். நடுவில் ஒரே ஒரு சதுரம். அதில் படம் இல்லை. சுடர் மட்டும். சுடருக்கு அப்பால் தாட்சாயினியின் முகம்.

கதிர்காமநாதன் பேசினார். அருந்ததி கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். கடல், ஈரச்சேலை, திரும்பிப் பார்க்காமல் கரையேறும் தாய். வாசலில் நின்றவள் அசையவில்லை. தன் பிள்ளைக்குத் தான் செய்யாத கடனை, தான் செய்ததாக, அழகான தமிழில், முழுவதும் கேட்டாள். பதிப்பகத்தின் பெயர் அறிவிக்கப்பட்டது. இதயங்கள் எழுந்தன.

அறையில் ஒரு வாசம். பழைய பத்திரிகை அல்ல. களப்புச் சேறு. வெயில் படாத, அடியில் கிடக்கும் சேறு.

"இனி எழுத்தாளர் கதைப்பா."

அவள் தொண்டையைச் செருமினாள். நன்றி சொன்னாள். எல்லோருக்கும். பதிப்பகத்துக்கு. கதிர் அண்ணைக்கு. இன்னும் யாருக்கோ. சொல்லச் சொல்ல வார்த்தை குறைந்துகொண்டு வந்தது.

"பிள்ளை," என்றாள் நாகேஸ்வரி, வாசலிலிருந்து.

தாட்சாயினி கண்ணை மூடித் திறந்தாள். இப்போது அவளுக்கு உண்மையாகவே சொல்லவேண்டும் போலிருந்தது. பதிப்பகம் போகட்டும். எல்லாம் போகட்டும். இந்த வாசம் போகவேண்டும். அந்தச் சதுரம் போகவேண்டும்.

"ஒரு விசயம் சொல்லவேணும்," என்றாள். "பிரசாந்தன்..."

நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. சின்னதாக. கடினமாக. பல் உடைந்துவிட்டது என்று நினைத்தாள். விரலால் எடுத்துப் பார்த்தாள்.

ஒரு அரிசி. பச்சை அரிசி. ஈரமாக.

"பிரசாந்தன் சா..."

மூன்று அரிசி. நாலு. மேசையில் விழுந்து உருண்டன.

நடுச் சதுரத்தில், கீழ் விளிம்பிலிருந்து, ஒரு கை எழுந்தது. பார்ப்பவனின் கை. அவன் தன் கையைத் தூக்கினால் அவனுக்கு எப்படித் தெரியுமோ அப்படி. ஊறி வெளுத்த விரல்கள். நகத்தடியில் கறுப்புச் சேறு. பொத்திய கைக்குள் அரிசி. கை சுடரைத் தாண்டி, சுடருக்கு அப்பாலுள்ள முகத்தை நோக்கிப் போனது.

அறையில் கை இல்லை. அவளுக்கும் படத்துக்கும் நடுவில் ஒன்றுமில்லை. சுடர் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது.

உதட்டில் குளிர்ந்த விரல்கள் பட்டன.

அவளுக்குத் தெரியும் இது என்னவென்று. பாடை தூக்குமுன் ஒவ்வொருவராகக் குனிந்து செய்வது. உறவுக்காரர் எல்லோரும். கடைசியாக. வாய்க்கரிசி.

"உயி..." என்றாள். சொல் அரிசிக்குள் புதைந்தது. கன்னம் புடைத்தது. துப்பினாள். துப்பத் துப்ப நிறைந்தது. மூக்கால் மட்டும் மூச்சு. சேற்று மணம்.

"ஐயோ, பாருங்கோ," என்று அருந்ததி விம்மினாள். "அக்காவுக்கு வாயே வரேல்லை."

"துக்கம் தொண்டையை அடைக்குது," என்றார் கதிர்காமநாதன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு மேல ஒரு அஞ்சலி இல்லை. எல்லாரும் ஒரு நிமிசம் அமைதியா இருப்பம்."

இருநூறு பேரும் கண்ணை மூடினார்கள். இருநூறு சோடிக் கைகள் குவிந்தன.

"சொல்லு பிள்ளை." வாசலிலிருந்து. "சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள். கையைக் காட்டினாள். வாயைக் காட்டினாள். எழ முயன்றாள். கால் வரவில்லை.

வெறுங்காலடி. சீமெந்தில், ஈரத்தில், மெதுவாக. நாகேஸ்வரி கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள். மேசையில் சிந்தியிருந்த அரிசியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். நடுச் சதுரத்தில், சுடருக்கு அப்பால், வாய் நிறைந்த முகத்துக்கு மேலே, அவளுடைய முகமும் தெரிந்தது.

கை நின்றது.

"தம்பி?"

கை அப்படியே நின்றது. நடுங்கியது.

"உதென்னடா கையெல்லாம் சேறு?"

மழை ஓய்ந்திருந்தது. தவளை ஒன்றுகூட இல்லை. நாகேஸ்வரி அழவில்லை. பதினாறு வருடமாகப் பத்திரிகைப் படங்களில் முகம் முகமாகத் தொட்டுத் தேடிய அந்த விரல்கள், பின்னாலிருந்து வந்து, தாட்சாயினியின் தாடையின் இரு பக்கமும் அமர்ந்தன. முகத்தை மெல்ல நிமிர்த்தின. வாயைத் திறந்து பிடித்தன.

"அவசரப்படாத ராசா," என்றாள். "கொஞ்சம் கொஞ்சமாப் போடு."

கை மறுபடியும் அள்ளியது.